தோமஸ் மூரும் என்ரை மருமோனும்

வேலையை விட்டது நல்ல காரியம், மருமோனே. சம்பளம் எண்ட கண்டறியாத சாமானை ரண்டு கிழமைக்கு ஒருக்கால் வாங்கி வாங்கி உன்ரை முகமே வாடிப்போய்க் கிடந்தது. இப்ப பாக்க வடிவாய் இருக்கிறாய். தாடியும் நல்லாய் வளருது. அந்த வேகத்திலை காசும் வளந்தால் கொம்மா என்னத்துக்கு ரெலிபோனிலை அழப்போறாள்?

பிரீலான்ஸ் எண்டு சொல்லுறாய். ஒருத்தனுக்கும் அடிமையில்லை, நினைச்ச நேரம் எழும்பலாம், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ கால்வாய்க் கரையிலை பலகைப் பாதையிலை குந்தியிருந்து கோப்பி குடிச்சபடி எழுதலாம். அதுதானே திட்டம்? இடம் திறமான இடம்தான். மொன்றியல் தீவின்ரை மேற்கு நுனி. 1843 இலை திறந்த நீர்க்கதவு. கோடையிலை பணக்காரற்றை படகுகள் அதுக்குள்ளை வந்து தண்ணி ஏறி இறங்குமட்டும் காத்து நிக்கும். நாங்கள் கரையிலை ஐஸ்கிறீமோடை நிண்டு அவையைப் பாப்பம், அவை எங்களைப் பாப்பினம். பொழுது போயிடும். எழுத்து மட்டும் போகாது.

ஆனால் இந்தப் பக்கத்தாலை போய் எழுதிப் பிழைச்சவன் ஒருத்தன் இருக்கிறான். பேத்தி நூல்நிலையத்திலை புத்தகம் எடுத்து வந்து வாசிச்சுக் காட்டினவள். உனக்கு ஏற்ற ஆள், கேள்.

தோமஸ் மூர். அயர்லாந்துக்காரன், டப்ளினிலை பலசரக்குக் கடைக்காரன்ரை மகன். 1804 இலை, இருபத்தைந்து வயசிலை, கிங்ஸ்டனிலையிருந்து மொன்றியலுக்கு ஆத்து வழியாய் வள்ளத்திலை வந்தவன். வலிச்சுக்கொண்டு வந்த துடுப்புக்காரர் பிரெஞ்சிலை பாடினாங்கள். இவன் அந்த மெட்டிலை மயங்கி இங்கிலீசிலை ஒரு பாட்டுக் கட்டினான். 'கனேடியப் படகுப் பாட்டு' எண்டு பேர். எங்கடை சென்ட்-ஆன் கோயில் அதிலை வருது. தீவிலை கடைசிக் கோயில் அதுதானாம். தோல் வியாபாரத்துக்கு மேற்கை போற துடுப்புக்காரர் அதைக் கடந்த பிறகுதான் பயணம் தொடங்கினதாய்க் கணக்கெடுப்பினமாம். பாட்டு லண்டனிலை அச்சேறி, பியானோ வைச்சிருந்த வீட்டுக்காரரெல்லாம் பாடிச்சினம். வலிச்சுக் கை புண்ணானவன்ரை பேர் ஒருத்தருக்கும் தெரியாது. வள்ளத்திலை சும்மா இருந்து வந்தவன்ரை பேர் இருநூறு வருசமாய் நிக்குது. உன்ரை தொழிலும் உந்த வகைதான். கூச்சப்படாதை.

பாட்டெழுதி அவன் என்னத்தைச் சாப்பிட்டான் எண்டு கேள். நீ கேக்க மாட்டாய், நான் கேட்டனான். ஆள் வரேக்கையே சட்டைப்பைக்குள்ளை ஒரு உத்தியோகத்தோடைதான் வந்தவன். 1803 இலை பேர்மியூடாவிலை கடற்படை நீதிமன்றப் பதிவாளர் வேலை கிடைச்சது. போய்ப் பாத்தான், சலிச்சுப் போச்சுது. உன்னைப்போல விடேல்லை, பதிலுக்கு ஒருத்தனை இருத்திப்போட்டு ஊர் சுத்த வெளிக்கிட்டான். பெரிய கெட்டிக்காரத்தனம் எண்டுதான் நானும் நினைச்சன். 1818 இலை அந்தப் பதிலாள் ஏறக்குறைய 6000 பவுணைச் சுருட்டிக்கொண்டு போயிட்டான். பொறுப்பு மூரின்ரை தலையிலை. கடனுக்குப் பிடிச்சு உள்ளை போட்டிடுவாங்கள் எண்டு 1819 இலை நாட்டை விட்டு ஓடினவன், 1822 மட்டும் இத்தாலி, பாரிஸ் எண்டு திரிஞ்சான். நீ வேலையை முழுசாய் விட்டனி. ஒருத்தனும் உன்ரை பேரிலை களவெடுக்க ஏலாது. பாத்தியே, நான் உன்ரை பக்கம்தான்.

பத்திராதிபரோடை சண்டை எண்டாய். உன்ரை கட்டுரையை வெட்டிக் குறைச்சுப் போட்டானாம், நீ நாலு பக்கத்திலை மறுமொழி எழுதிப்போட்டு இருக்கிறாயாம். அனுப்பீட்டியோ? அனுப்பேல்லையெண்டால் அப்பிடியே இருக்கட்டும். எடின்பரோ றிவியூ எண்டு ஒரு சஞ்சிகை, அதின்ரை ஆசிரியன் ஜெஃப்ரி. 1806 இலை மூரின்ரை கவிதைப் புத்தகத்தைக் கிழிச்சு எழுதினான். மூர் நாலு பக்கம் எழுதேல்லை, துவக்குச் சண்டைக்குக் கூப்பிட்டான். லண்டனிலை ஒரு வெளியிலை ரண்டு பேரும் கைத்துவக்கோடை நேருக்கு நேர் நிண்டாச்சுது. சுடப்போற நேரம் பொலிஸ் வந்து அமத்திப் போட்டாங்கள். பேந்து பாத்தால் ஒரு துவக்குக்குள்ளை குண்டே இல்லை. ஊர் முழுக்கப் பகிடி. இதிலை நீ படிக்க வேண்டியது துவக்கை இல்லை, பிறகு நடந்ததை. பிடிபட்டு இருந்த இடத்திலையே ரண்டு பேரும் கதைச்சுச் சிநேகிதமாகி, 1814 இலையிருந்து மூர் அதே சஞ்சிகைக்குக் கட்டுரை எழுதிக் காசு வாங்கினான். திட்டினவன்ரை காசும் காசுதான். வங்கியிலை போட்டால் ஒரே நிறம்.

இனித்தான் முக்கியமான கதை. கோப்பியை வைச்சிட்டுக் கேள்.

1814 இலை லோங்மன் பதிப்பகத்தாரோடை மூர் ஒரு ஒப்பந்தம் செய்தான். கிழக்கு நாட்டைப் பற்றி ஒரு நெடுங்கவிதை தருவான், அவை 3000 பவுணுக்குக் குறையாமல் தருவினம். அந்தக் காலத்திலை ஒரு கவிதைக்கு அது மிகப் பெரிய காசு. ஒரு வரியைக்கூட அவை முன்கூட்டிப் பாக்கேல்லை. எழுதி முடிச்சு 1817 இலைதான் புத்தகம் வந்தது, 'லல்லா ரூக்'. ஔரங்கசீப்பின்ரை மகள் டில்லியிலையிருந்து காஷ்மீருக்குக் கலியாணத்துக்குப் போறாள், வழியிலை ஒரு பாட்டுக்காரனிலை மனம் போகுது, கடைசியிலை அந்தப் பாட்டுக்காரன்தான் மாப்பிள்ளை ராசா. கவிஞன் ராசாவாய் வாறது கவிதைக்குள்ளை மட்டும்தான் எண்டு உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. இதுக்குள்ளை பகிடி என்னெண்டால், மூர் இந்தியாப் பக்கம் கால் வைச்சதே இல்லை. இங்கிலாந்திலை ஒரு குளிர்க் கிராமத்து வீட்டிலை நெருப்புக்குப் பக்கத்திலை இருந்து, வாசிச்ச புத்தகங்களை வைச்சே காஷ்மீர்ப் பூந்தோட்டம் முழுக்க நட்டுப்போட்டான். நீ காணாத ஊரைப் பற்றி எழுதிறது பிழையெண்டு பட்டு, பயணச் சஞ்சிகை குடுத்த வேலையை வேண்டாமெண்டனியாம். அவன் வாங்கினான். வாசிச்சே எழுதினான்.

காசு பேசினது முதல், கவிதை குடுத்தது பேந்து. உனக்கு அது தலைகீழாய் நடக்குது. முழுக்கட்டுரையையும் எழுதி, அலங்கரிச்சு, அனுப்பிப்போட்டு, 'உங்கள் கருத்துக்காகக் காத்திருக்கிறேன்' எண்டு கீழை எழுதுறாய். அவனும் கருத்துத் தாறான். கருத்துக்கு அரிசி வாங்க ஏலுமோ? அச்சிலை வந்த பிறகு காசு தாறம் எண்டு சொல்லுறாங்கள், நீயும் ஓமெண்டு தலையாட்டுறாய். வடமராட்சியிலை நான் புகையிலை செய்த காலத்திலை, வித்துப்போட்டுக் காசு தாறன் எண்டு சொல்லிக் கட்டைத் தூக்கிற வியாபாரிக்கு நாங்கள் வண்டிலையே திருப்பச் சொல்லிப்போடுவம். பாதியை முன்னுக்குக் கேள். தராட்டில், ஏற்றுக்கொண்ட நாளிலையிருந்து முப்பது நாளுக்குள்ளை எண்டு எழுத்திலை வாங்கு. எழுத்திலை எண்டு சொல்லுறன், வாயாலை இல்லை. நீயெல்லாம் எழுத்தாளன்.

புகையிலை எண்டதும் ஞாபகம் வருகுது. உந்தப் பக்கத்திலை மக்டொனால்ட் வளாகம் இருக்கெல்லோ, பேத்தி விவசாயம் படிக்கிற இடம்? 1907 இலை திறந்தது. வில்லியம் மக்டொனால்ட் புகையிலை வித்த காசிலை கட்டினவன். ஆளுக்குப் புகையிலையைக் கண்ணிலை காட்ட ஏலாதாம், ஊத்தைப் பழக்கம் எண்டு திட்டுவானாம். எனக்கும் பிடிக்காது. அவனுக்குக் கொலிஜ் மிஞ்சினது, எனக்கு முதுகுப்பிடிப்பு. ஆனபடியால், வீடு சூடாக்கிற கொம்பனிக்கு விளம்பரம் எழுதக் கேட்டால் மூக்கைச் சுழிக்காதை. சூடாக்கியை நீ காதலிக்க வேணும் எண்டு ஆரும் கேக்கேல்லை.

மூரின்ரை கதையிலை ஒரு கருகின பக்கமும் இருக்கு. பைரன் பிரபு, முன்னம் சொன்ன துவக்குச் சண்டையை நக்கலடிச்சு எழுதினவன், பேந்து உயிர்ச் சிநேகிதனாகினான். 1819 இலை வெனிஸ் பக்கத்திலை வைச்சுத் தன்ரை வாழ்க்கைக் குறிப்பை எழுதின கையோடை மூரிட்டைக் குடுத்து, காசாக்கு எண்டிட்டான். மூர் அதை ஜோன் மறே எண்ட பதிப்பாளருக்கு 2000 கினிக்கு வித்தான். 1824 இலை பைரன் செத்தான். செத்து ஒரு மாசத்துக்குள்ளை சொந்தக்காரரும் சிநேகிதரும் மறேயின்ரை வீட்டிலை கூடி, மானம் போயிடும் எண்டு அதை அடுப்பிலை போட்டிச்சினம். படியொண்டு எடுத்து வைச்சிருந்தது, அதையும் போட்டிச்சினம். மூர் வேண்டாமெண்டு மண்டாடிப் பாத்தான், கடைசியிலை அடங்கிப்போனான், வாங்கின காசையும் திருப்பிக் குடுத்தான். இதை வாசிக்கேக்கை பேத்தி அழுதாள். நான் கேட்டன், படியை வேற வீட்டிலை வைச்சிருக்க ஏலாதோ எண்டு. உன்ரை எழுத்தெல்லாம் அந்த ஒரு லப்டொப்புக்குள்ளைதானே கிடக்குது? அதுக்குப் பக்கத்திலைதானே கோப்பியையும் வைக்கிறாய்?

எழுதினதை வித்த பிறகு அது ஆற்றை சொத்து எண்டதையும் அறிஞ்சு வை. ஹெதர் றொபர்ட்சன் எண்ட எழுத்தாளர், கனடாக்காரி. 1995 இலை குளோப் அண்ட் மெயிலிலை அவவின்ரை ரண்டு கட்டுரை வந்தது. பேந்து பேப்பர்காரர் அதைக் கொம்பியூட்டர்த் தரவுக் களஞ்சியங்களிலையும் போட்டுக் காசு பாத்தினம், அவவைக் கேக்கேல்லை. மனிசி விடேல்லை. தன்னைப்போல பிரீலான்ஸ் எழுதின எல்லாருக்குமாய் வழக்குப் போட்டு 2006 இலை உச்ச நீதிமன்றம் மட்டும் போனா. எழுதினவையின்ரை அனுமதியில்லாமல் உப்பிடித் தரவுக் களஞ்சியத்திலை போட ஏலாது எண்டு தீர்ப்பு. 2009 இலை 11 மில்லியன் டொலருக்குச் சமரசம். இந்த நாட்டுச் சட்டத்திலை, நீ கையெழுத்து வைச்சுக் குடுக்காமல் உன்ரை பதிப்புரிமை இன்னொருத்தனுக்குப் போகாது. அதாலை இப்ப ஒப்பந்தத்திலையே எல்லா உரிமையும், எல்லா நாட்டிலையும், இனி வரப்போற எல்லாச் சாதனத்திலையும் எண்டு எழுதி வைக்கிறாங்கள். சந்திரனிலை பேப்பர் தொடங்கினாலும் அவங்களுக்குத்தான். நீ வாசியாமல் கையெழுத்து வைச்சிருப்பாய். அடுத்தவன் உன்ரை கட்டுரையை வாசிக்கேல்லையெண்டு மட்டும் கவலைப்படுவாய்.

வாசகர் இல்லையெண்டு ஏங்காதை, ரண்டு பேர் நிச்சயம். ஒண்டு ஒட்டாவா, மற்றது கியூபெக். ரண்டு அரசாங்கத்துக்கும் தனித்தனியாய் வரிப்பத்திரம் நிரப்ப வேணும். அவை ஒரு வரி விடாமல் வாசிப்பினம். சொந்தத் தொழில்காரர் பத்திரம் அனுப்ப ஜூன் 15 மட்டும் தவணை இருக்கு, ஆனால் கட்ட வேண்டிய காசுக்கு ஏப்ரல் 30. அந்த இடைவெளியிலைதான் எழுத்தாளருக்கு வட்டி முளைக்கிறது. கியூபெக் ஓய்வூதியத்துக்கு முதலாளி கட்டிற பங்கும் உன்ரை தலையிலை, ஏனெண்டால் இப்ப முதலாளியும் நீதான். ஆசைப்பட்டனி, அனுபவி. வருசத்துக்கு 30,000 டொலருக்கு மேலை உழைச்சால் விற்பனை வரிக்கும் பதிய வேணும். அந்தப் பயம் உனக்கு இப்போதைக்கு வேண்டாம்.

எங்கடை ஆக்கள் என்ன செய்தவை எண்டு பார். யாழ்ப்பாணத்திலை டொமினிக் ஜீவா சலூன் நடத்தினவர். சாகித்திய மண்டலப் பரிசு வாங்கினவர், 1966 இலை 'மல்லிகை' தொடங்கினவர், சஞ்சிகையைக் கையிலை காவித் தெருத்தெருவாய் வித்தவர். கத்தி கையிலை இருக்கேக்கை சந்தா கேட்டால் ஆர் இல்லையெண்டு சொல்லுவான்? உனக்கு அந்த வசதியும் இல்லை. கொக்குவில் அ. முத்துலிங்கம் கணக்காளர். இளவயசிலை 'அக்கா' எண்டு ஒரு தொகுப்புப் போட்டுப்போட்டு, கனகாலம் ஐ.நா. அது இது எண்டு நாடு நாடாய் உத்தியோகம் பாத்தார். அங்கை கண்ட சனத்தையெல்லாம் பேந்து கதையாக்கினார், கனடாவிலை இருந்தும் எழுதுறார். சம்பளத்தோடை கதைக்குக் கருவும் சேர்ந்து வந்திருக்குது. நீ இன்சூரன்ஸ் கொம்பனியிலை இருந்த காலத்திலை எத்தினை சனம் வீடு எரிஞ்ச கதையோடை உன்ரை மேசைக்கு வந்திருக்கும்? அதிலை ஒண்டாவது எழுதினனியோ? இல்லை. வெறுமை, தனிமை, பனி எண்டு எழுதுறாய். பனியைப் பற்றி இஞ்சை ஆரும் காசு குடுத்து வாசிக்க மாட்டினம், வாசலிலை சும்மா கிடக்குது.

சரி, லப்டொப்பைத் திற. கோடையிலை கட்டுரை போட்டுப்போட்டு இன்னும் காசு அனுப்பாமல் இருக்கிற அந்தப் பேப்பர்காரனுக்கு இப்ப ஒரு கடிதம். உன்ரை பேர், கட்டுரையின்ரை தலைப்பு, அச்சிலை வந்த திகதி, தொகை, எத்தினையாம் திகதிக்குள்ளை வேணும். அவ்வளவுதான். உவமை வேண்டாம். சுகநலம் விசாரிக்க வேண்டாம். என்னடா 'தயவுசெய்து' எண்டு மூண்டு தரம் அடிச்சிருக்கிறாய்? ரண்டை எடு.