செட்டிங்ஸ் சித்தப்பா

விசேஷ வீட்டில் பந்தி முடிந்ததும் ஆண்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு அரசியல் பேச உட்காருவார்கள். செட்டிங்ஸ் சித்தப்பா அந்த வட்டத்தில் இருக்க மாட்டார். தாம்பூலத்தைக்கூட வாங்காமல், பையன் லேப்டாப் வைத்திருக்கும் அறையை மோப்பம் பிடித்துப் போய்விடுவார்.

"கேம் ஏதாவது ஆடுறியாடா?"

"ஸ்கைரிம் சித்தப்பா. ரொம்ப லேக் அடிக்குது."

லேக் என்று காதில் விழுந்ததும் அவர் முகத்தில் ஒரு களை வரும் பாருங்கள், இன்கிரிமென்ட் வந்த மாசத்தில்கூட அது வந்ததில்லை என்று சித்தியே சொல்வார்.

"என்ன கார்டு?"

பையன் வாயைத் திறப்பதற்குள் கட்டிலில் படுத்திருக்கும் பாட்டி முந்திக்கொள்வாள்: "அரிசி கார்டுதாம்ப்பா. உங்களுக்குச் சர்க்கரை கார்டா?"

நாமெல்லாம் கேம் மெனுவுக்குள் போய் 'ஹை' என்றிருப்பதை 'லோ' என்று மாற்றிவிட்டுத் திருப்தியாகிவிடுகிற ஜாதி. சித்தப்பாவுக்கு மெனு என்றாலே இளக்காரம். டாக்குமென்ட்ஸுக்குள் மை கேம்ஸ், அதற்குள் ஸ்கைரிம் என்று போய், அங்கே இருக்கும் இரண்டு ஐஎன்ஐ ஃபைல்களை முதலில் டெஸ்க்டாப்பில் காப்பி எடுத்து வைப்பார். அப்புறம்தான் நோட்பேடில் திறப்பார். திறந்ததும் முதல் வெட்டு நிழலுக்கு. 4096 என்று இருப்பதை 1024 ஆக்குவார். 8000 தூரம் வரை விழுந்துகொண்டிருந்த நிழலை 2000-த்தோடு நிறுத்துவார். "மரத்து நிழல்லயா படுத்துத் தூங்கப்போற?"

அடுத்தது புல். இங்கே குரலைத் தாழ்த்திக்கொள்வார், ஏனென்றால் இது தொழில் ரகசியம். புல்லுக்கு மட்டும் கணக்கு தலைகீழ். 20 என்று இருப்பதைக் கூட்டினால்தான் புல் குறையும். தெரியாதவன் குறைத்துவிட்டு, புதர் மண்டிப் போய் அழுவான். கடைசியில் ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் போய், 'ரீட் ஒன்லி' கட்டத்தில் ஒரு டிக். "இல்லேன்னா கேம் தானா பழையபடி மாத்தி எழுதிடும். இனிமே எவனும் கைவைக்க முடியாது."

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஃபைலில் யார் எதை எழுதினாலும் கேம் ஏன் என்று கேட்காது. தனக்குத் தெரியாத வரியாக இருந்தால் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும். சித்தப்பா எழுதும் வரிகளில் சில அப்படிப்பட்டவைதான் என்பது என் சந்தேகம். அவற்றைப் போட்டுவிட்டும், "இப்ப ஸ்மூத்தா இருக்குல்ல?" என்று கேட்பார். இல்லை என்று சொல்லும் தைரியம் இதுவரை எந்தப் பையனுக்கும் வந்ததில்லை.

இவருடைய பூர்வீகம் பிரவுசிங் சென்டர். கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 ஆடப் போன இடத்தில், மற்றவர்கள் சுட்டுக்கொண்டிருக்க, இவர் கன்சோலைத் திறந்து 'எஃப்பிஎஸ் மேக்ஸ் 101' என்று அடித்துக்கொண்டிருந்தவர். 101 என்று போட்டால்தான் வினாடிக்கு 100 ஃபிரேம் கிடைக்கும் என்பது அக்கால வேதம். 1999-இல் வந்த குவேக் 3-இல் வினாடிக்கு 125 ஃபிரேம் வைத்தால் ஆள் கொஞ்சம் உயரமாகக் குதிப்பான் என்பதை இன்றைக்கும் கண் விரியச் சொல்வார். அது உண்மைதான். ஒரு ஃபிரேமுக்கு 8 மில்லி வினாடி என்று வரும்போது, கேம் போடும் முழு எண் கணக்கு குதிப்பவனுக்குச் சாதகமாக விழுந்துவிடுகிறது.

ஸ்கைரிம் வந்தது 2011 நவம்பர் 11. அதற்கு இரண்டு மாதம் முன்புதான், செப்டம்பரில், தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியிருந்தது. படிப்பதற்குக் கொடுத்த அந்தப் பெட்டிகளில் எத்தனையோ வீடுகளில் சான் ஆண்ட்ரியாஸ் கேம் ஓடியதென்றால் அது இப்படிப்பட்ட சித்தப்பாக்களின் கைங்கரியம். கிண்டல் ஒரு பக்கம் இருக்கட்டும். கிராஃபிக்ஸ் கார்டு வாங்கக் காசில்லாத வீட்டில் 18 ஃபிரேமை 30 ஆக்கிக் கொடுப்பது சின்ன உபகாரமில்லை. மனுஷன் ஒரு காபிக்கு மேல் கூலி வாங்கியதும் கிடையாது.

டெஸ்ட் பண்ணும் விதம்தான் கண்கொள்ளாக் காட்சி. ஒவ்வொரு முறையும் புது கேம். கை கட்டப்பட்ட கைதியாக மாட்டு வண்டி மாதிரி ஒன்றில் ஹெல்கென் என்ற ஊருக்குப் போக வேண்டும். பெயர் கேட்பார்கள். 'டெஸ்ட் 14' என்று கொடுப்பார். கழுத்தைக் கட்டையில் வைத்துக் கோடரியை ஓங்குகிற நேரத்தில் டிராகன் வந்து கோபுரத்தில் இறங்கும். ஊர் பற்றி எரியும், சனங்கள் அலறும். டெஸ்ட் 14-ஐ ஆட்டுவிப்பவரின் கண் திரையின் மூலையில் ஓடும் ஃபிரேம் எண்ணை விட்டு அசையாது. "பாத்தியா, நெருப்பு கக்கும்போதுகூட 28-க்குக் கீழ இறங்கல!" உடனே கேமை மூடிவிடுவார். ஹெல்கெனைத் தாண்டி அவர் போனதே இல்லை. அதற்கப்புறம் ஒரு பெரிய நாடே விரிந்து கிடக்கிறது என்பது அவருக்குக் கேள்வி ஞானம்.

போன வருஷம் சொந்தமாகப் பெரிய கார்டு வாங்கினார். போட்டதுமே எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடியது. இரண்டு நாள் முகம் வாடிப்போய்த் திரிந்தார். மூன்றாம் நாள் ஃபிரேமுக்குக் கடிவாளம் போடும் விசிங்க்கை அணைத்தார், எண் நூறைத் தாண்டியது. ஸ்கைரிமின் இயற்பியல் 60 ஃபிரேமோடு முடிச்சுப் போட்டு வைத்தது. அதைத் தாண்டினால் சட்டிபானை பறக்கும். வண்டி கைதிகளோடு குட்டிக்கரணம் அடித்தது. சித்தப்பாவுக்கு உயிர் வந்தது. அன்று முதல் ஏற்றியதை இறக்கும் வேலை.

அப்படி ஒரு விசேஷம் முடிந்து பத்து நாளில் பையனிடமிருந்து போன்.

"சித்தப்பா, சவுண்டைக் குறைச்சா அடுத்த தடவை திரும்பவும் ஃபுல்லா ஏறிக்குது. ராத்திரி டிராகன் கத்துன கத்துல அம்மா லேப்டாப்பைப் பிடுங்கிட்டாங்க."

சவுண்டும் அதே ஃபைலில்தான் இருக்கிறது. எவனும் கைவைக்க முடியாது என்று பூட்டியதில் பையனும் வெளியே நின்றுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்தார். அண்ணியைச் சமாதானப்படுத்தி லேப்டாப்பை வாங்கி, டிக்கை எடுத்து, சவுண்டைக் குறைத்து, திரும்பவும் டிக் போட்டார். பையன் பக்கத்தில் உட்கார்ந்து, இத்தனை நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டான்.

"சித்தப்பா, இந்த டிராகனை எப்படிக் கொல்றது?"

"அது தெரியாதுடா. வேணும்னா அதோட நிழலை எடுத்துடறேன்."