இன்வேலிட் தம்பி

“யூசரை நம்பவே கூடாதுண்ணே!” வில்லியனூர் பக்கம் வெப்சைட் போட்டுத் தரும் தம்பி வாயைத் திறந்தால் இதுதான். பாடம் சரி. பிரவுசரில் செய்யும் சோதனையை யாரும் அணைத்துவிடலாம். வந்ததைச் சர்வரில் மறுபடி சோதித்தே ஆக வேண்டும். தம்பி அந்த ஒரு வரியோடு புத்தகத்தை மூடிவிட்டார்.

அவர் போட்ட ஃபாரத்தில் ஊர் என்ற கட்டத்தில் ‘வில்லியனூர்’ என்று தமிழில் போட்டுப் பாருங்கள். “இன்வேலிட்.” ஆறே எழுத்து. அவர் வைத்த வரம்போ 30. ஆனால் பிஎச்பியின் ஸ்டிரிலென் எண்ணுவது எழுத்தை அல்ல, பைட்டை. யூடிஎஃப்-8இல் புள்ளி, கொம்பு எல்லாம் தனித்தனிக் குறி, குறிக்கு மூன்று பைட், மொத்தம் 33. சொந்த ஊருக்கே ஃபாரத்தில் இடமில்லை! எம்பி_ஸ்டிரிலென் என்று எழுதியிருந்தால் 11தான் வரும். “இங்கிலீஷ்ல போடுங்கண்ணே, போகும்.”

போட்டால் பின்கோடு மறிக்கும். புதுச்சேரி என்றால் 605இல் தொடங்க வேண்டும் என்பது அவர் சட்டம். பாகூருக்கு 607402. ஒரே ஒரு இஃப் போட்டுப் பாகூரையே யூனியன் பிரதேசத்திலிருந்து விலக்கிவிட்டார்.

அதையாவது சொல்வாரா? எந்தக் கட்டம் தப்பு என்று மூச்சு விடமாட்டார். சிவப்பில் ஒரே ‘இன்வேலிட்’, கூடவே அப்பா பெயர் முதல் ஐஎஃப்எஸ்சி வரை அத்தனையும் துடைத்த வெள்ளைக் கட்டங்கள். போட்டதை ஹெச்டிஎம்எல்ஸ்பெஷல்கேர்ஸ் வழியாக அந்தந்தக் கட்டத்திலேயே திருப்பிக் காட்டலாம், ஆபத்தும் கிடையாது. கேட்டால், “செக்யூரிட்டிண்ணே” என்று குரலைத் தாழ்த்துவார்.

அந்த செக்யூரிட்டியின் லட்சணம், வந்ததை அப்படியே எஸ்க்யூஎல் வரிக்குள் ஒட்டுகிறார். பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் என்றால் “ப்ராஜெக்ட் பெரிசா இருந்தா பாக்கலாம்” என்பார். முள்ளோடை செக்போஸ்டில் பாட்டியின் சுருக்குப்பையைக் குடைந்துவிட்டு லாரிக்கு சல்யூட் அடிக்கிற ஆள்!

சிரித்தது போதும். கூலி வேலையை விட்டுவிட்டுப் பிரவுசிங் சென்டரில் காத்திருக்கும் அம்மாவுக்கு, மறுபடி அடிக்கும் ஒவ்வொரு முறையும் காசு. எதற்கு இன்வேலிட் என்று அங்கே டைப் அடித்துத் தரும் பெண்ணுக்கும் தெரியாது. தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அந்த அம்மா ரேஷன் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். அது தம்பி எழுதிய வரியின் தப்பு. அதைச் சரிசெய்ய அரைமணி நேரம்கூட ஆகாது.

நல்ல பிள்ளைதான். நடுராத்திரி கூப்பிட்டாலும் போனை எடுப்பார். பாகூர், 607 என்று பொறுமையாகச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“கேஷ் கிளியர் பண்ணிப் பாத்தீங்களாண்ணே?”