சித்தி தலையில் கட்டிய பழி

கேள்வி: கல்லூரி போகும் என் மகள், தேவதைக் கதைகளை ரத்தமும் காதலுமாகத் திருப்பி எழுதிய நாவல்களையே படிக்கிறாள். நல்ல கதைகளை ஏன் இப்படிக் கெடுக்கிறார்கள்?

பதில்: கெடுத்தது யார் என்பதில்தான் வழக்கே! தேவதைக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் 1812 பதிப்பில் ஸ்நோ ஒயிட்டைக் கொல்லச் சொன்னவள் பெற்ற தாய். 1819-ல்தான் பழியைச் சித்தி தலையில் கட்டினார்கள். கடைசியில் அவளுக்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பை மாட்டி, சாகும்வரை ஆடவிடுகிறார்கள். சிண்ட்ரெல்லாவின் சகோதரிகளில் ஒருத்தி கால்விரலையும் இன்னொருத்தி குதிகாலையும் வெட்டிக்கொண்டுதான் சிண்ட்ரெல்லாவின் செருப்புக்குள் காலை நுழைக்கிறாள். இதற்கு மேல் என்ன ரத்தம் வேண்டும்?

நல்ல மறுகதையில் காப்பாற்ற வரும் ஆள் மாறுவார். பிரெஞ்சுக்காரர் பெரோ 1697-ல் வெளியிட்ட 'நீலத்தாடி' கதையில், மனைவிகளைக் கொன்று அறையில் பூட்டிவைத்தவனிடமிருந்து நாயகியை மீட்பவர்கள் அவளுடைய சகோதரர்கள். ஆங்கில எழுத்தாளர் ஏஞ்சலா கார்ட்டர் 1979-ல் அதை 'தி பிளடி சேம்பர்' ஆக்கியபோது, குதிரையில் பாய்ந்துவந்து மாப்பிள்ளையைச் சுட்டு வீழ்த்துவது பெண்ணைப் பெற்ற அம்மா! மாமியார் என்றால் அவரல்லவா மாமியார்! அந்தப் பக்கங்கள் எனக்கு உயிர்.

அடிப்பதையும் அடைத்துவைப்பதையும் காதல் என்று விற்கும் நாவல்களும் உண்டு. அவற்றில் எனக்குக் கோபம்தான். மகளுக்குக் கார்ட்டரை வாங்கிக் கொடுங்கள்; அவள் முடித்ததும் நீங்களும் படியுங்கள்.