சிவப்புக் கொடியும் தற்குறிப்பேற்றமும்

(மெட்டுகுடா மெட்ரோ தூண் ஓரமாக ஓர் இரானி ஓட்டல். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். எதிரே அவர் மனைவியின் தம்பி, தென் மத்திய ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மேசையில் இரண்டு சாய், உஸ்மானியா பிஸ்கட், அடுக்குமாடி வீட்டு நோட்டீஸ்.)

வாத்தியார்: தெலுங்கு நோட்டீஸை நீ தமிழ்ல படிச்சதும் சொக்கிட்டேன் மச்சான். ‘தார்நாகாத் தென்றல் உங்களைக் கைநீட்டி அழைக்கிறது!’ அச்சு அசல் தற்குறிப்பேற்ற அணி.

கார்டு: அப்படின்னா?

வாத்தியார்: காத்து தன்பாட்டுக்கு அடிக்குது. எழுதறவன் தன் நினைப்பை அதுமேல ஏத்திடறான். சிலப்பதிகாரத்துல மதுரைக் கோட்டைக் கொடி காத்துல ஆடுது. அது கோவலனையும் கண்ணகியையும் பார்த்து ‘வராதீங்க’ன்னு கைகாட்டறதா இளங்கோ சொல்றார்.

கார்டு: பார்த்தும் உள்ளே போனானா? எங்க டிபார்ட்மென்ட்ல சிவப்பைத் தாண்டினா சஸ்பென்ஷன், அத்தான்.

வாத்தியார்: அவன் கண்ணுக்கு அது வெறும் கொடிதான். சிவப்பாக்கினது புலவர்.

கார்டு: அப்ப இந்தத் தென்றலைப் பச்சையாக்கினது பில்டர்.

வாத்தியார்: அடுத்த வரி, ‘மெட்ரோ ரெண்டே நிமிஷம்’. உயர்வு நவிற்சி!

கார்டு: ராத்திரி மூணு மணிக்கு ரோடு காலியா இருந்தாலும் பத்து நிமிஷம் ஆகும். அந்த நேரத்துல மெட்ரோவே ஓடாது.

வாத்தியார்: ரசனை வேணும்டா. தண்டியலங்காரம் பொருளணி மட்டுமே 35 சொல்லுது.

கார்டு: நான் ஒண்ணு சொல்றேன், அதுல சேருமா பாருங்க. 2022 ஜனவரியில ரயில்வே போர்டு கார்டுங்களையெல்லாம் ‘ட்ரெயின் மேனேஜர்’னு ஆக்கிச்சு. பேர் மாறிச்சு, சம்பள லெவல் மாறலை. அதே பெட்டி, அதே கொடி.

வாத்தியார்: வஞ்சப்புகழ்ச்சி! ஔவையார் தொண்டைமானோட ஆயுதசாலைக்குப் போய், ‘உங்க வேலெல்லாம் நெய் பூசிப் பளபளன்னு இருக்கு, எங்க அதியமானோடது உடைஞ்சு கொல்லன் பட்டறையில கிடக்கு’ன்னாங்களே, அந்த வகை. புகழ்ற மாதிரி ஒரு குத்து.

கார்டு: குத்து புரிஞ்சுது. அணின்னு இப்பத்தான் தெரியுது.

வாத்தியார்: இவ்வளவு அழகா எழுதறவன் வீட்டையும் அழகா கட்டுவான். டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துடலாம்னு இருக்கேன்.

கார்டு: பொய்னு வரிக்கு வரி நீங்களே சொன்னீங்களே!

வாத்தியார்: பொய்னு எங்கே சொன்னேன்? அணின்னேன்.

கார்டு: அத்தான், 2016 ரெரா சட்டப்படி, பெரிய புராஜெக்ட்னா பதிவு பண்ணாம விளம்பரமே போடக்கூடாது. பதிவு நம்பர் விளம்பரத்துல இருக்கணும். தப்பான விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டா 12-ஆம் பிரிவுல ஈடு கேட்கலாம். இந்த நோட்டீஸ்ல நாலு மாடி, தென்றல், குயில் எல்லாம் இருக்கு. நம்பரைக் காணோம்.

வாத்தியார்: சொல்லாம விட்டுக் குறிப்பா உணர்த்தறதும் ஒரு நயம்தான்...

கார்டு: இருக்கட்டும். நம்பர் வரட்டும், அப்புறம் டோக்கன்.