சீருந்தின் விளிம்புநிலை: ஓர் ஆய்வு

சீருந்து என்று எழுதினால் ஆய்வு, கார் என்று சொன்னால் பஞ்சர். ஆதலால் இக்கட்டுரையில் இரு சொல்லும் இடமறிந்து ஆளப்படும்.

ஆய்வுக்களம், எங்கள் வீட்டு வாசல். முன்னோடி ஆய்வாளர்கள்: எதிர்வீட்டு மாமா, இஸ்திரி வண்டிக்காரர், பெயர் தெரியாத மூவர். தெருவில் ஒருவன் ஜாக்கியைக் கையில் எடுத்தால் கருத்தரங்கம் தானாகக் கூடிவிடும்.

மூலநூல், காரோடு வந்த கையேடு. பாலித்தீன் உறைகூடப் பிரியாமல் 7 ஆண்டு கிடந்தது. மூலத்தைப் படிக்காமல் உரை சொல்வது நமக்குப் பழக்கம்தானே. பிரித்துப் பார்த்ததில் தெரிந்தது இது: கதவுகளுக்குக் கீழே, பக்கவாட்டில் நெடுக ஒரு தகட்டு விளிம்பு தொங்குகிறது. தகடுகளைச் சேர்த்துப் பற்றவைத்த ஓரம். முன்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னும், பின்சக்கரத்துக்குச் சற்று முன்னும் அதில் இரண்டிரண்டு வெட்டுக்குறி. அந்தக் குறிகளுக்கு நடுவில்தான் வலுவூட்டியிருக்கிறார்கள். அத்தனை பெரிய வண்டியில் ஜாக்கிக்கு உரிய இடம் நான்கே.

டிக்கியில் வரும் கத்தரி ஜாக்கியின் தலையில் ஒரு பள்ளம் உண்டு. விளிம்பு அதற்குள் இறங்கி நிற்கும். டிராலி ஜாக்கியின் தலையோ பெரும்பாலும் தட்டை. பள்ளம் வெட்டிய ரப்பர் கட்டை வைக்காமல் ஏற்றினால் விளிம்பு மடங்கும். சான்று, என் வண்டி. ஒரு பட்டறையிலிருந்து சர்வீஸ் முடிந்து வந்ததும் குனிந்து பார்த்தேன்: இடப்பக்க விளிம்பு சாப்பிட்டு முடித்த இலைபோல மடிந்து, பெயிண்ட் உரிந்து கிடந்தது. அடுத்த மழைக்குத் துரு பூத்தது. விசாரித்ததில் கிடைத்த பாடம்: "அது முன்னாடியே அப்படித்தான் சார் இருந்துச்சு." பாடபேதம் இல்லை.

இனி செய்முறை. சமதரை, ஹேண்ட்பிரேக், முதல் கியர். தூக்கும் சக்கரத்துக்கு மூலைக்கு மூலை எதிரே உள்ள சக்கரத்துக்குக் கல் முட்டு. மாமா அம்மிக் குழவியைப் பரிந்துரைத்தார். குழவி உருளும் என்பது பணிவுடன் சுட்டப்பட்டது. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு ஸ்பேனரில் ஏறி மிதித்தால் வண்டியே ஆடும். மண்தரையானால் ஜாக்கிக்கு அடியில் பலகை.

வண்டிக்கு அடியில் புகுவதானால் ஜாக்கியை நம்பக்கூடாது, ஸ்டாண்டு வேண்டும். ஹாலோ பிளாக் தாங்குவதுபோல் நிற்கும், சொல்லாமல் நொறுங்கும். இந்த ஓரிடத்தில் ஆய்வாளர் வேடிக்கை பேசவில்லை.

சொல்லாராய்ச்சி ஒன்று. ஸ்டெப்னி என்பது தெருப்பெயர். வேல்ஸ் நாட்டு லனெல்லியில், ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904 வாக்கில் கொண்டுவந்த மாற்றுச் சக்கரத்துக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் பக்கம் இன்று அச்சொல் வழக்கொழிந்துவிட்டது. நம் பஞ்சர் கடைகளில் நலமாக இருக்கிறது.

மூலநூலை மேலாய்வுக்காக மாமா இரவல் வாங்கிப் போயிருக்கிறார். அவரிடம் கார் இல்லை.