தலைப்பு நடுவே நிற்பது எங்ஙனம்: முத்துக்குளித்துறையை முன்வைத்து ஓர் ஆய்வு

வேர்டு கோப்பில் ஒரு தலைப்பை நடுவில் நிறுத்த ஸ்பேஸ் பாரை எத்தனை முறை தட்ட வேண்டும்? தூத்துக்குடியின் ஜெராக்ஸ் கடை வாசல்களில் காத்திருந்த காலத்தில் இவ்வாய்வாளர் எண்ணியவரை, குறைந்தது 17, கூடினால் 31. இந்த வேறுபாட்டுக்குத் தலைப்பின் நீளம் காரணமன்று. மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்க நெருங்க எண்ணிக்கை குறைகிறது.

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் இதே தூத்துக்குடிக் கரையில் முத்து வணிகர் ஒவ்வொரு முத்தையும் கையிலெடுத்து "இது பெரிசு, இது அதவிடக் கொஞ்சம் பெரிசு" என்று பேசிக்கொண்டிருக்கவில்லை. பத்துப் பித்தளைச் சல்லடைகள் வைத்திருந்தார்கள். முதலாவதில் 20 துளை, கடைசியில் 1000. எந்தச் சல்லடையில் தங்கியதோ அதுவே முத்தின் அளவு. பிறகு உருட்சியும் ஒளியும் பார்த்து ஆணி முதல் தூள் வரை பெயர். வேர்டில் ஸ்டைல் என்பதும் இதுவே: ஒரு வரியை 'முதல்நிலைத் தலைப்பு' என்று சொல்லிவிட்டால் எழுத்துரு, அளவு, நிறம், மேல்கீழ் இடைவெளி எல்லாம் அந்தப் பெயரோடு வந்துவிடும். தீம் என்பது சல்லடை அடுக்கு. அதை மாற்றினால் அறுபது பக்கமும் ஒரே மூச்சில் வேறு உடை உடுத்தும். கையால் தனியே எழுத்துரு கொடுத்த வரி மட்டும் அசையாது. தூத்துக்குடியில் 1961-க்குப் பின் முத்துக்குளிப்பு இல்லை. சல்லடைப் புத்தியும் அத்தோடு போயிற்று என்பது நம் கருதுகோள்.

கருதுகோளுக்கு இடைஞ்சலாக ஒரு சான்று உண்டு. இக்கரைப் பரதவர் பணம் கொடுக்க, அன்றீக் அடிகளார் ஆக்கி, 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்ற முதல் தமிழ் அச்சு நூல் பதினாறே பக்கம். அதன் கடைசிப் பக்கத்தில் முந்தைய ஆண்டு கோவாவில் வார்த்த எழுத்தும் கொல்லத்தில் வார்த்த எழுத்துமாக இரண்டு எழுத்துரு. ஆக, தமிழ் அச்சேறிய அன்றே கலப்பும் ஏறிவிட்டது. ஜெராக்ஸ் கடையை மட்டும் குறை சொல்வது வரலாற்றுக்கு அடுக்காது.

களப்பணியின்போது ஒரு ஜெராக்ஸ் கடையில் ஒரு பெண் ஏதோ சங்கத்தின் ஆண்டறிக்கையை அடித்துக்கொண்டிருந்தாள். அவளிடமிருந்து மவுஸை வாங்கி, தலைப்பு ஒன்றுக்கு ஸ்டைல் கொடுக்கப் போனேன்.

"அண்ணாச்சி, ஃபாண்ட்டத் தொட்டுராதீய!"

"ஏம்மா, எல்லாத் தலைப்பும் ஒண்ணுபோல இருக்குமுல்லா?"

தொட்டேன். தலைப்பிலிருந்த 'அம்மா' மறைந்து, அவ்விடத்தில் ஆங்கில எம், கே, அரைப்புள்ளி, மறுபடி கே, எச் வரிசையாக நின்றன. பாமினி எழுத்துருவின் சூட்சுமம் அது: கோப்பில் கிடப்பது ஆங்கில எழுத்து, தமிழ் வெறும் மேற்சட்டை. ஸ்டைல் சட்டையைக் கழற்றிவிட்டது. யூனிகோடில் அடித்திருந்தால் இந்த மானக்கேடு இல்லை. மைக்ரோசாஃப்ட் ஆபீஸின் வழக்கமான தீமிலேயே தமிழுக்கென்று லதா எழுத்துருவின் பெயர் குறித்துவைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே அந்தப் பெண்ணின் கைவேலை அறியாமையன்று, அனுபவம். கருதுகோளை அங்கேயே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அவள் ஒன்றும் பேசவில்லை. மவுஸைத் திரும்ப வாங்கி, கன்ட்ரோல் இசட் அடித்து, அடுத்த தலைப்புக்குப் போய் ஸ்பேஸ் பாரைத் தட்டத் தொடங்கினாள்.

இருபத்துமூன்று.