ஒரு கட்டம் வேண்டி விண்ணப்பம்

அனுப்புநர்
பச்சை உடம்புக்காரி ஒருத்தி,
உள் அறை, ஜன்னலோரம்,
நெம்மேலி குப்பம், செங்கல்பட்டு மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு அதிகாரி அவர்கள்,
பதிவேடுகளில் கட்டம் போடும் துறை,
சென்னை.
(அப்படியொரு துறை இல்லையென்றால், “இது எங்க செக்ஷன் இல்லை” என்று முதலில் சொல்பவரிடம் கொடுத்துவிடவும்.)

பொருள்: பிள்ளை பெற்றவளின் மனம் – பதிவேட்டில் ஒரு கட்டம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: என் மாமியாரின் வாய்மொழி ஆணை, “நாங்கள்லாம் பெத்துக்கலையா?” நாள்: தினமும்.

ஐயா / அம்மா,

குழந்தை பிறந்து இன்றோடு 47 நாள். மணி அதிகாலை 3.10. வலது கை குழந்தையின் தலைக்கு அணையாக இருப்பதால் இதை இடது கைக் கட்டைவிரலால் கைப்பேசியில் எழுதுகிறேன். பிழை இருந்தால் விரலைப் பொறுத்தருளவும்.

முதலில் நன்றி. நான் முழுகாமல் இருப்பது என் கணவருக்குத் தெரிந்த அதே வாரம் உங்கள் கணினிக்கும் தெரிந்துவிட்டது. கர்ப்பிணிகளைப் பதிவு செய்கிற பிக்மி எண் ஒன்று கொடுத்தது. மாமியாருக்கு என்னைக் கூப்பிடும்போது பெரிய மருமகள் பெயர்தான் வாயில் வரும்; கணினி ஒருநாளும் என்னை மாற்றிக் கூப்பிட்டதில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 18,000 ரூபாய் தருகிறீர்கள்: 14,000 பணமாக, 4,000-க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். பேரீச்சம்பழத்தைத் தம்பி தின்றான். ஆவின் நெய் மாமியார் வீட்டுப் பொங்கலுக்குப் போனது. இரும்புச்சத்து டானிக்கில் மட்டும் யாரும் பங்கு கேட்கவில்லை.

நான் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள். (தனியார் பள்ளி. தாளாளர் வாழ்த்து அனுப்பினார், சம்பளம் அனுப்பவில்லை. அது வேறு கடிதம்.) எண்ணின் அருமை தெரியும். லட்சம் குழந்தைகள் பிறந்தால் இறக்கும் தாய்மார் நாடு முழுக்க 97 என்றிருந்த 2018-20 கணக்கில் தமிழ்நாட்டில் 54. நூற்றுக்கு 99 பிரசவத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் நடக்கிற மாநிலம் இது. எங்களைச் சாகவிடாமல் பார்த்துக்கொள்கிறீர்கள். அதற்கு ஒரு பெரிய கும்பிடு.

என் அக்கா பிள்ளை பெற்ற காலத்தில் ஒரு பெட்டகம் வந்தது. 2015-இல் தொடங்கியது, 16 பொருள். கொசுவலை, சோப்பு, சோப்பு டப்பா, கிலுகிலுப்பை, குழந்தைக்கு நகவெட்டி, தாய்க்குச் சௌபாக்கிய சுண்டி லேகியம். கடுகளவு நகத்துக்கும் ஒரு கருவியை நினைத்து வைத்த அந்த அதிகாரி யாரோ, அவர் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். பதினேழாவது பொருள் என்னவாக இருந்திருக்கலாம் என்பதுதான் இந்தக் கடிதம்.

வீடு தேடி வந்த நர்ஸம்மாவை நான் குறை சொல்லவில்லை. அவருக்கு ஒரு தோள்பை, அதற்குள் நோட்டு, கையில் கைப்பேசி, கைப்பேசிக்குள் இன்னும் நாலு நோட்டு. குழந்தையைத் தூக்கி எடை பார்த்தார், எழுதினார். தொப்புள் பார்த்தார், எழுதினார். என் தையல், உதிரப்போக்கு, ரத்த அழுத்தம், எல்லாம் எழுதினார். அடுத்த குழந்தை எப்போது, காப்பர்-டி போட்டாயிற்றா என்பதற்குக்கூட இடம் இருந்தது. கிளம்பும்போது வாசற்படியில் செருப்பை மாட்டிக்கொண்டே, “நல்லா இருக்கியாம்மா?” என்றார்.

“ம்” என்றேன்.

அந்த ‘ம்’மை எழுதத்தான் அவரிடம் கட்டம் இல்லை.

உங்களுக்குத் தமிழ் தெரியும். ‘ம்’ என்பதில் எத்தனை வகை என்றும் தெரியும். இது முப்பத்தோராம் நாள் சொன்ன ‘ம்’. அதற்கு முன் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் வாரத்தில் அழுதேன். அது எல்லோருக்கும் வருவது, பத்துப் பதினைந்து நாளில் போய்விடும் என்கிறார்கள். எனக்குப் போகவில்லை. சாம்பார் குண்டான் மூடி கீழே விழுந்ததற்கு அழுதேன். மூடியை எடுத்து வைத்ததற்கும் அழுதேன். குழந்தை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை. குழந்தை அழும்போது, இது யாருடைய குழந்தை, ஏன் என்னிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று ஒரு கணம் தோன்றும். அடுத்த கணம் அப்படித் தோன்றியதற்காக என்னை நானே அறையத் தோன்றும்.

வீட்டில் உடனே நடவடிக்கை எடுத்தார்கள். அம்மா, “விளக்கு வெக்கற நேரத்துல இன்னாடி அழுதுகினு கீற? கண்ணு பட்டுடுச்சு” என்று உப்பு, மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள். மாமியார், காத்து கருப்பு என்று வேப்பிலையைத் தலைமாட்டில் சொருகினார். எதிர்வீட்டு அத்தை, பால் கட்டிக்கொண்டால் அப்படித்தான் அழுகை வரும் என்று பால்சுறா வாங்கிப் புட்டு செய்து அனுப்பினார். பூண்டு, காரப்பொடி மீன், பத்தியக் குழம்பு, எல்லாம் வந்தன. எல்லோரும் பால் ஊறுகிறதா என்று ஐந்து வேளை விசாரித்தார்கள். ஊறுகிற இடம் இன்னொன்றும் உண்டு என்பதைப் பற்றிப் பேச்சில்லை. பால்சுறா ருசியாக இருந்தது என்பதையும் நியாயத்துக்குச் சொல்லிவிடுகிறேன்.

எங்களூருக்கு வடக்கே திருவிடந்தையில் நித்திய கல்யாணப் பெருமாள் இருக்கிறார். காலவ முனிவரின் 360 பெண்களை நாளுக்கு ஒருத்தியாகக் கட்டிக்கொண்டவர். கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் மாலையோடு அங்கே வரிசையில் நிற்பார்கள். கருத் தங்கத் திருக்கருகாவூர் போகலாம். பிள்ளை பெற உங்கள் ஆஸ்பத்திரி. பெற்ற பிறகு எங்கே போவது? 360 பேரில் ஒருத்தியாவது நாற்பதாம் நாள் மூலையில் உட்கார்ந்து அழுதாளா என்று தலபுராணமும் எழுதி வைக்கவில்லை. அங்கேயும் கட்டம் இல்லை போலிருக்கிறது.

ராத்திரி தூக்கம் வராதவளுக்குக் கைப்பேசிதான் துணை. அதில் தேடிப் பார்த்ததில் எனக்குத்தான் வெட்கமாகிவிட்டது. இது ஏதோ நெம்மேலியில் புதிதாக முளைத்த வியாதி என்று நினைத்திருந்தேன். வேலூர்ப் பக்கம் கணியம்பாடி வட்டாரத்தில் 359 கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் போய்ப் பார்த்து, பேறுகாலத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் நூற்றுக்கு 11 பேர் என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2002-லேயே எழுதிவிட்டார்கள். பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் வந்திருக்கிறது. காரணங்களையும் வரிசைப்படுத்தியிருக்கிறார்கள்: கையில் காசில்லாமை, பையன் வேண்டும் என்றிருந்த வீட்டில் பெண் பிறப்பது, மாமியாரோடும் பெற்றோரோடும் ஒத்துப்போகாமை, கர்ப்ப காலத்தில் வந்த இடி, ஒத்தாசைக்கு ஆளில்லாமை. இதில் பாதியை எங்கள் தெருக் குழாயடியில் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார்கள். ஆனால் குழாயடியில் சொன்னால் புறணி, பிரிட்டிஷ் இதழில் வந்தால் ஆய்வு.

எனக்குப் பிறந்திருப்பது பெண். “அடுத்தது சிங்கக்குட்டி” என்று மாமியார் தொட்டிலைப் பார்த்துச் சொன்னது ஏழாம் நாள். ஆய்வை அவர் படித்திருக்க வாய்ப்பில்லை.

கேட்பதற்குக் கேள்வித்தாளும் தயாராக இருக்கிறது. எடின்பரோ அளவுகோல் என்று பெயர், 1987-இல் வந்தது. பத்துக் கேள்வி, கடந்த ஏழு நாளைப் பற்றி. ஒவ்வொன்றுக்கும் சுழியத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண், மொத்தம் 30. இதில் அதிக மார்க் வாங்குவது நல்லதில்லை. முட்டை வாங்குகிறவள் கெட்டிக்காரி. இதைத் தமிழில் கேட்டால் சரியாக வருகிறதா என்று சோதித்து 2005-இலேயே அதையும் எழுதி வைத்துவிட்டார்கள். கேள்வித்தாள் அச்சாகி இருபது வருஷம் ஆகியும் பரீட்சை வைக்காத பள்ளிக்கூடத்தை நான் பார்த்ததில்லை.

நடுவில் சிரிப்பை நிறுத்தி ஒன்று சொல்கிறேன். அந்தப் பத்தாவது கேள்வி, தன்னைத்தானே எதுவும் செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. என் பாட்டி காலத்தில் எங்கள் தெருவில் ஒருத்தி, பிரசவமான இரண்டாம் வாரம், தூக்கமே இல்லாமல், யாரோ கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டு சவுக்குத் தோப்புப் பக்கம் நடந்தாள். பிரசவ ஜன்னி என்றார்கள். வேப்பிலையால் அடித்தார்கள். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வருகிற, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய, மருந்தால் தீர்கிற வியாதி அது. பெங்களூர் நிம்ஹான்ஸில் அப்படிப்பட்டவர்களைக் குழந்தையோடு சேர்த்தே வைத்துப் பார்க்கிற வார்டு 2009-இலிருந்து இருக்கிறது. பாட்டி அந்தப் பெண்ணின் பெயரைக் கடைசிவரை எங்களிடம் சொல்லவில்லை.

சரி, மறுபடி மனுவுக்கு வருகிறேன்.

தாங்கள் சொல்லப்போகும் பதில்கள் எனக்குத் தெரியும். ஒன்று, மனநல மருத்துவருக்கு எங்கே போவது? பாகிஸ்தானில் ராவல்பிண்டி பக்கத்துக் கிராமங்களில் நம் நர்ஸம்மா போன்ற சுகாதாரப் பணிப் பெண்களுக்கே பேச்சு சிகிச்சை பழக்கிவிட்டார்கள். கர்ப்ப காலத்திலேயே மனச்சோர்வு வந்திருந்தவர்களை ஆறாம் மாதம் பார்த்தால், பேசிப் பார்த்த ஊர்களில் அது நூற்றுக்கு 23 பேருக்கு இருந்தது; வெறுமனே போய்வந்த ஊர்களில் 53. 2008-இல் லான்செட்டில் வந்தது. மாமியார், மாவரைப்பு, மருதாணி எல்லாம் அங்கேயும் இங்கேயும் ஒன்றுதானே.

இரண்டாவது, 14416 இருக்கிறதே என்பீர்கள். 2022-இலிருந்து ‘நட்புடன் உங்களோடு’ என்று, ராப்பகலாக. நல்ல பெயர், நல்ல எண். ஆனால் எங்கிருந்து பேசுவது? எங்கள் வீடு ஒரு கூடம், ஒரு உள் அறை, இரண்டுக்கும் நடுவே ஒரு திரைச்சீலை. “யார்கிட்டடி இவ்ளோ நேரம்?” என்ற குரல் திரைக்கு அந்தப் பக்கமிருந்து வரும். வெளியே போகலாமென்றால் பச்சை உடம்பு வாசல் தாண்டக் கூடாது. நட்பைக் கொடுத்த அரசு ஒரு கதவையும் சேர்த்துக் கொடுத்திருக்கலாம்.

எங்களூர்க் கடற்கரையில் நீங்கள் கட்டிய ஆலையைத் தினமும் பார்க்கிறேன். 2013-இலிருந்து நாளுக்கு 10 கோடி லிட்டர், 2024-இல் வந்த இரண்டாவதில் 15 கோடி லிட்டர், கடலைக் குடிநீராக்கிச் சென்னைக்கு அனுப்புகிறீர்கள். கடல்தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்கத் தெரிந்த அரசுக்கு, என்னை மாமியாரிடமிருந்து அரைமணி நேரம் பிரிக்கத் தெரியாதா?

ஆகவே ஒரு கட்டம். ஆனால் உங்களை நான் அறிவேன். கட்டம் போட்டால் இலக்கு வரும். இலக்கு வந்தால் மூன்றாம் மாதம் ஆய்வுக் கூட்டத்தில், மாவட்டத்தில் நூறு சதவீதத் தாய்மார்களும் மகிழ்ச்சி என்று பவர்பாயிண்ட் ஓடும். அதனால் சில விதிகள். கட்டத்தை நின்றுகொண்டு நிரப்பினால் செல்லாது. செருப்பைக் கழற்றி, உள்ளே வந்து, உட்கார வேண்டும். கேள்வி கேட்கும்போது குழந்தையை யாராவது திண்ணைக்குத் தூக்கிப் போக வேண்டும். மாமியார், தாயார், எதிர்வீட்டு அத்தை ஆகியோர் குழந்தைக்குப் பாதுகாப்பாக உடன் செல்ல வேண்டும். டிக் அடிக்கக் கூடாது. ‘ம்’ என்றால் ‘ம்’ என்றே எழுத வேண்டும். அதற்கான நேரத்துக்கு நர்ஸம்மாவின் தோள்பையிலிருந்து இரண்டு நோட்டைக் குறைக்க வேண்டும். எதைக் குறைப்பதென்று அவரையே கேட்கவும், பட்டியலோடு காத்திருக்கிறார்.

இன்னொன்று. உங்கள் ஏட்டில் பேறுகாலம் 42 நாள். 43-ஆம் நாள் காலை நான் ‘தாய்’ பதவியிலிருந்து ‘தடுப்பூசிக்குக் குழந்தையைக் கொண்டுவருபவர்’ ஆகிவிட்டேன். மக்களைத் தேடி மருத்துவத்தில் வருகிற அக்கா என் அம்மாவுக்குச் சர்க்கரை பார்த்துவிட்டுப் போகிறார். திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நான் இருப்பது அவருக்கும் தெரியும். அவர் பட்டியலில் நான் இல்லை, அவ்வளவுதான்.

பத்துக் கேள்விகளில் முதலாவது, சிரிக்க முடிகிறதா என்பது. இந்தக் கடிதத்தை எழுதியதில் அதற்கு எனக்கு முட்டை கிடைத்துவிடும் என்று நம்புகிறேன். மீதி ஒன்பதுக்கு மார்க் போட ஆள் அனுப்பவும்.

இப்படிக்கு,
தங்கள் பதிவேட்டில் நலமாக உள்ள,
ஒருத்தி.

நகல்:
1. மாமியார் – தகவலுக்காக.
2. கணவர் – நடவடிக்கைக்காக. (ஞாயிற்றுக்கிழமை வரும்போது பிஸ்கட் பாக்கெட் வேண்டாம், ஒரு ராத்திரி குழந்தையை வைத்துக்கொள்ளவும்.)
3. நர்ஸம்மா – உட்கார மணை போட்டு வைத்திருக்கிறேன்.